ஒப்பாரிக் கோச்சியும் இசைத்தட்டுகளும்

எம் இல்லத்து அலமாரியில் ஏழு அங்குல இசைத்தட்டுகள் சில உள. நிமிடத்திற்கு 45 முறை சுழல்பவை. பக்கத்துக்கு ஓரிரு பாட்டுக்குமேல் கொள்ளா. அவற்றுள் ஒன்றையேனும் என் தந்தையார் விலை கொடுத்து வாங்கியதில்லை.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பிரித்தனர். எஞ்சிய 150,000 பேரை 1974இல் சரிபாதியாக்கினர். தேயிலை பறித்தவர்களின் கருத்தை முன்னதாக எவரும் கேட்டிலர். அட்டனில் ஏறியோரைத் தலைமன்னார்த் துறை நோக்கிக் கொண்டுசென்ற புகைவண்டியை மலையகத்தார் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். வேறு பெயர் அதற்குப் பொருந்தாது.

புறப்படுமுன் லயத்து மக்கள் அண்டா குண்டாக்களை விற்றனர். பாட்டுப்பெட்டி வைத்திருந்த சிலருக்கோ தட்டுகளை விற்க மனம் வரவில்லை. "வாத்தியாரய்யா, வச்சிருங்க, திரும்பி வந்து வாங்கிக்கிறோம்" என்று தந்தையாரிடம் ஒப்படைத்தனர். அவர் ஒவ்வோர் உறையிலும் உரியவரின் லய எண்ணைப் பென்சிலால் குறித்துவைத்தார். எங்களைத் தொடவிடார். ஊசி படப்பட அடுத்தவர் பொருள் தேயுமே என்பது அவர் கவலை.

1984இல் இராமேசுவரக் கப்பல் நின்றது. அதன் பின்னரே ஒருநாள் தாமே எடுத்து ஒலிக்கவிட்டார். ஒரு தட்டில் ஊசி சிக்கி, ஒரே அடி திரும்பத் திரும்பக் கேட்டது. அதை நகர்த்திவிட அவர் எழவில்லை.