ஒயில் மாற்றினால் மட்டும் போதுமா? மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் சொல்லும் கதை



கணக்காளன் என்றபடியால் என்னிடம் வருவது பெரும்பாலும் வரிக் கேள்விகள்தான். அண்மையில் ஆலனில் வசிக்கும் ஒரு தம்பி வேறு மாதிரிக் கேட்டார். “அண்ணை, நான் ஒயில் ஒழுங்கா மாத்துறன். பிறகேன் 90,000 மைல் சேவிஸ் எண்டு இவ்வளவு காசு கேக்கிறாங்கள்?” இதற்கான பதில் எங்கள் ஊர்ச் சரித்திரத்திலேயே இருக்கிறது.

1960களின் தொடக்கத்தில் இலங்கையில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்தது. கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை, ஏற்கெனவே வந்திறங்கிய ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பிரித்தானியக் கார்களையே பழுதுபார்த்து ஓட வேண்டியிருந்தது. அப்படித்தான் யாழ்ப்பாணத்துக் கராஜ்கள் கைதேர்ந்தன.

அங்கே இரண்டு வகை வேலை இருந்தது. கிறீஸ் அடிப்பது, ஒயில் மாற்றுவது, பிளக் துப்பரவாக்குவது, பிறேக் பார்ப்பது சின்ன வேலை. எஞ்சின் ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டுவது, வால்வு அரைப்பது, றிங் மாற்றுவது பெரிய வேலை. சின்ன வேலை காரை அன்றாடம் ஓடவைக்கும். பெரிய வேலை, உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்த தேய்மானத்தைத் தீர்க்கும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது. பொருளாதாரத் தடையால் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. ஒளித்துக் கொண்டுவந்த பெற்றோல் போத்தல் கணக்கில் கொள்ளை விலைக்கு விற்றது. சின்னப் போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி எங்கள் ஆட்கள் கார் ஓட்டினார்கள். நோயாளியும் போனார், மாப்பிள்ளை பெண்ணும் போனார்கள். பின்னால் வந்த புகையை எங்களில் பலர் இன்னும் மறந்திருக்கமாட்டோம்.

பழைய எஞ்சின்களின் அமுக்கவிகிதம் குறைவு, ஏறத்தாழ 7:1. அதனால்தான் மண்ணெண்ணெயை அவை தாங்கின. ஆனால் முழுதாக எரியாத மண்ணெண்ணெய் றிங்குகளைக் கடந்து கீழே இறங்கி ஒயிலோடு கலந்தது. ஒயில் தண்ணீர் போலானால் பெயாரிங் தேயும். மேலே கரி படிந்தது, பிளக் அடைத்தது. இப்படி ஓடும் காருக்கு ஒயிலும் பெரிய வேலையும் வழமையைவிட முந்தியே தேவை. அந்த நாளில் ஒயிலும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. தவணை தள்ளிப்போகத் தள்ளிப்போக எஞ்சின் உள்ளே தேய்ந்துகொண்டே போனது.

இதை உலகம் முன்பே அறிந்திருந்தது. 1946 முதல் 1956 வரை தயாரான பேர்குசன் டிஈ20 உழவு இயந்திரத்தில் ஒரு வகை, மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெயில் ஓடியது. அதையும் பெற்றோலில் எழுப்பி, சூடான பிறகே மாற்ற வேண்டும். ஒயில் கெடுவதும் அதற்குத் தெரிந்த நோய்தான்.

இனி இன்றைய காருக்கு வருவோம். நல்ல ஒயிலும் நல்ல எரிபொருளும் வந்ததால் கரி சுரண்டும் வேலை பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. ஆனால் பெரிய வேலை ஒழியவில்லை, வடிவம் மாறியிருக்கிறது. சில எஞ்சின்களில் ரைமிங் பெல்ற் இருக்கும். அதன் தவணை காருக்குக் கார் மாறும், பல கார்களில் 60,000 முதல் 105,000 மைலுக்குள் வரும். அது ஓட்டத்தில் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்ரனும் மோதி எஞ்சினே போய்விடும். பிறேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். கூலன்ற், கியர் எண்ணெய் எல்லாவற்றுக்கும் தவணை உண்டு. ஒயில் மாற்றும்போது இவை எதுவும் மாறுவதில்லை. காரோடு வந்த கைநூலில் கடும் பாவனைக்கு என்று தனி அட்டவணை இருந்தால் அதையும் பாருங்கள். டெக்சாஸ் வெயிலும் குறுந்தூர ஓட்டமும் பெரும்பாலும் அதற்குள் அடங்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. டெக்சாஸில் 1951இல் தொடங்கிய வருடாந்தப் பாதுகாப்புப் பரிசோதனை, தனியார் கார்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. எங்கள் கொலின் கவுண்டியில் புகைப் பரிசோதனை மட்டும் தொடர்கிறது. பிறேக்கையும் ரயரையும் வருடம் ஒருமுறை பார்த்துச் சொல்ல இனி ஆளில்லை. பிள்ளைகள் ஓட்டும் பழைய காருக்கு நாங்களே பரிசோதகர்.

எல்லாவற்றையும் டீலரிடம்தான் செய்யவேண்டும் என்றில்லை. வெளியே சேவிஸ் செய்ததற்காக மட்டும் உத்தரவாதத்தை மறுக்க முடியாது என்று 1975ஆம் ஆண்டின் மக்னசன்-மொஸ் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் செய்ததைக் காட்டப் பற்றுச்சீட்டு வேண்டும். ஒரு கொப்பியில் திகதி, மைல், செய்த வேலை, செலவு நான்கையும் எழுதுங்கள். கராஜில் நீண்ட பட்டியல் நீட்டினால் கைநூலோடு ஒப்பிடுங்கள். கைநூலில் இல்லாததற்குக் காரணம் கேளுங்கள், இருப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

தம்பிக்கும் இதையே சொன்னேன். அன்று எங்கள் ஆட்கள் பெரிய வேலையைத் தள்ளிப்போட்டது வேறு வழியில்லாமல். இன்று எங்களுக்கு வழி இருக்கிறது.