கடைசியில் 'ஸ்' வந்தால் எல்லாம் பன்மையா?

புசல்லாவையில் எங்கள் லயத்துக்கு அடுத்த லயத்தில் இருக்கும் அம்மா ஒருவர் கடந்த வாரம் ஆங்கிலக் கடிதமொன்றுடன் வந்தார். 1977 வன்முறைக்குப் பின்னர் அவருடைய குடும்பம் இங்கிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறியது. 2009இல் மகனைத் தொலைத்துவிட்டுத் திரும்பி வந்தவர் அவர். கடிதம் வெளிநாட்டு மனித உரிமை அமைப்பொன்றுக்குப் போக வேண்டும்.

மகன் இருக்குமிடம் தெரியவில்லை என்ற வரியில் 'வேர்அபவுட்ஸ் இஸ்' என்றிருந்ததை யாரோ வெட்டி 'ஆர்' என்று எழுதியிருந்தார்கள். "எது சரி தம்பி? பிழையா போனா திருப்பி அனுப்பிருவாங்களோ?" என்று கேட்டார்.

இரண்டுமே சரி. தமிழில் 'கள்' வந்தால் பெரும்பாலும் பன்மை. ஆங்கிலத்தில் கடைசி 'ஸ்'ஸை அப்படி நம்ப முடியாது. 'வேர்அபவுட்ஸ்' என்பதில் இருப்பது பன்மைக் குறியல்ல, பழைய வினையடை விகுதி. அதனால் ஒருமையாகவும் பன்மையாகவும் எழுதுகிறார்கள்.

நம்மவர் கடிதங்களில் அடிக்கடி வரும் வேறு சில சொற்கள்:

நியூஸ்: எத்தனை செய்தியானாலும் ஒருமை. 'நோ நியூஸ் ஹாஸ் கம்' என்றே எழுத வேண்டும்.

யுனைட்டட் நேஷன்ஸ்: நாடுகள் பல, அமைப்பு ஒன்று. எனவே 'இஸ்', 'ஹாஸ்'.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ்: புள்ளிவிபரவியல் என்ற பாடமானால் ஒருமை. காணாமல் போனோர் பற்றிய புள்ளிவிபரங்களானால் பன்மை.

பிலோங்கிங்ஸ்: உடைமைகள். எப்போதும் பன்மை.

ரிமெயின்ஸ்: மனித எச்சங்கள். இதுவும் எப்போதும் பன்மை. மன்னார் சதொச வளவு, கொக்குத்தொடுவாய் அகழ்வுகள் பற்றிய ஆங்கிலச் செய்திகளில் கண்டிருப்பீர்கள். இதில் கவனம் தேவை. ஒரேயொருவருடைய எச்சமானாலும் 'ரிமெயின்ஸ் வேர் ஃபவுண்ட்' என்றுதான் வரும். அந்தச் சொல்லை மட்டும் வைத்து எத்தனை பேர் என்று கணக்கிட முடியாது. வாசிக்கும்போது எண்ணிக்கையைத் தேடிப் பாருங்கள். எழுதும்போது தனியாகக் குறிப்பிடுங்கள்.

இன்னொன்று. உள்நாட்டு அரச அலுவலகங்களுக்கு ஆங்கிலத்தில் எழுதிச் சிரமப்பட வேண்டியதில்லை. 1987இன் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமல் போனோர் அலுவலகத்துக்கும் தமிழிலேயே எழுதலாம்.

அம்மாவின் கடிதத்தில் 'இஸ்' என்பதையே திரும்ப எழுதிக் கொடுத்தேன். மகனின் பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம், நாள் ஆகியவை சரியா என்று இருவரும் இரண்டு தடவை பார்த்தோம். ஓர் எழுத்துக்காகக் கடிதம் திரும்பி வராது. இந்த விபரங்கள் பிழைத்தால்தான் தேடுவது கடினமாகும்.