கேட்டுக்கு அந்தப் பக்கம் கடல்

கலிஃபோர்னியாவில் கடற்கரை எல்லோருக்கும் பொது என்பார்கள். எல்லா இடத்திலும் உறுதியாகப் பொதுவாக இருப்பது ஈர மணல் மட்டும்தான். சராசரி உயர் ஓதக் கோட்டுக்குக் கீழே மக்களுடையது. மேலே இருக்கும் உலர் மணலுக்குத் தனி உரிமையாளர் இருக்கலாம். அந்தக் கோட்டை மணலில் எங்கேயும் பார்க்க முடியாது. 18.6 ஆண்டுகால ஓதங்களை அளந்து சராசரி எடுக்க வேண்டும் என்று 1935இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நிலவின் பாதை ஒரு சுழற்சி முடிக்க அவ்வளவு காலம் ஆகும். தரவோடு மல்லுக்கட்டிப் பிழைக்கும் எனக்கு இது பிடித்திருக்கிறது: நீங்கள் அத்துமீறி நிற்கிறீர்களா இல்லையா என்பதை ஒரு சராசரி தீர்மானிக்கிறது.

சரி, ஈர மணல் நம்முடையது. அங்க எப்படிப் போறது? வண்டியை எங்காவது நிறுத்தி, பெரும்பாலும் யாரோ ஒருவருடைய நிலத்தைக் கடந்துதான் இறங்கணும். சண்டை எல்லாமே அந்தச் சில நூறு அடிக்காகத்தான்.

அதில் பெரிய சண்டை சீ ரேஞ்சில் நடந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, சொனோமா கவுண்டியில் இருந்த செம்மறியாட்டுப் பண்ணை அது. 1960களின் தொடக்கத்தில் ஓஷியானிக் ப்ராப்பர்ட்டீஸ் என்ற நிறுவனம் அதை வாங்கியது. சுமார் 10 மைல் நீளக் கடலோரம். நிலத்தை வடிவமைத்தவர் லாரன்ஸ் ஹால்ப்ரின். காற்று போகும் திசைக்கேற்பச் சாய்ந்த கூரைகள், பூச்சில்லாமல் வெளுத்துப்போன மரச்சுவர்கள், வீடுகளுக்கு இடையே வேலியே கிடையாது. கட்டடக்கலை படிப்பவர்கள் இன்றும் தலயாத்திரை மாதிரி போகிறார்கள். இயற்கைக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த திட்டத்தில் வெளியாள் கடலுக்கு இறங்க மட்டும் வழியில்லை. வேலி இல்லாத ஊருக்கு வெளியே ஒரு பெரிய வேலி, அவ்வளவுதான்.

வடக்கு முனையில் குவாலாலா பக்கம் ஒரு பூங்காவுக்கு நிலம் தருகிறோம் என்றது நிறுவனம். கவுண்டி ஒப்புக்கொண்டது. பில் கோர்ட்டம் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒப்புக்கொள்ளவில்லை. 1968இல் கவுண்டி அளவில் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள், தோற்றார்கள். உள்ளூரில் தோற்ற விஷயம் பிறகு மாநிலம் முழுக்கப் பரவியதுதான் வேடிக்கை. 1972இல் 'ப்ரொபொசிஷன் 20' சுமார் 55 சதவீத வாக்குகளுடன் ஜெயித்தது. கடலோரம் முழுவதற்கும் ஓர் ஆணையம் வந்தது. 1976இல் நிரந்தரச் சட்டமும் வந்தது. மக்களுக்கு வழி விடாமல் புது வீடு கட்ட முடியாது என்ற நிலையில் சீ ரேஞ்ச் பல ஆண்டுகள் இழுபறியில் கிடந்தது. மனை வாங்கியவர்கள் பாவம், நிறுவனத்துக்கும் ஆணையத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். 1980இல் சட்டமன்றமே தலையிட்டு சமரசம் செய்தது. இன்று நெடுஞ்சாலை ஓரத்தில் சின்னச் சின்ன பார்க்கிங், அங்கிருந்து ஷெல் பீச், பெபிள் பீச் என்று கீழே இறங்கும் ஒற்றையடிப் பாதைகள். பாதையை விட்டு விலகினால் அடுத்தவர் நிலம்.

அந்த 1976 சட்டத்தில் 'டெவலப்மெண்ட்' என்ற சொல்லுக்கு (நான் சம்பளம் வாங்கும் வேலைக்கும் அதே பெயர்தான்) நீண்ட விளக்கம் இருக்கிறது. கட்டடம், சாலை எல்லாம் சொல்லிவிட்டு, தண்ணீரை அடையும் வழியின் பயன்பாட்டில் வரும் மாற்றத்தையும் சேர்த்திருக்கிறார்கள். அந்த வரிக்கு ஒரு வேலை 2008க்குப் பிறகு வந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனர்களில் ஒருவரான, டெல்லி ஐஐடியில் படித்த வினோத் கோஸ்லா, ஹாஃப் மூன் பே அருகே மார்ட்டின்ஸ் பீச்சை 3.25 கோடி டாலருக்கு வாங்கினார். பழைய உரிமையாளர்கள் பார்க்கிங் காசு வாங்கிக்கொண்டு ஜனங்களை விட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு கேட் பூட்டப்பட்டது.

சர்ஃப்ரைடர் அமைப்பு 2013இல் வழக்குப் போட்டது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது எளிமையானது: கேட்டைச் சாத்துவதும் டெவலப்மெண்ட்தான், அனுமதி வாங்கணும். 2018இல் கோஸ்லா தரப்பின் மனுவை எடுத்துக்கொள்ள உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தச் சாலையில் நடக்க மக்களுக்கு உரிமை உண்டா என்பதை 2017 தீர்ப்பு தொடவேயில்லை. அதற்காக 2020இல் மாநில அரசே தனியாக ஒரு வழக்குத் தொடுத்தது.