நாக்பூரில் நள்ளிரவு

தில்லிக்கும் சென்னைக்கும் என்ன தூரம்? வான்வழியில் சுமார் 1,760 கிலோமீட்டர். ரயிலில் போனால் ஏறத்தாழ 2,180. வங்கியில் மாற்றலாகி இங்கே வந்த புதிதில் எனக்கும் இது வெறும் எண்தான். ஊரிலிருந்து அகால நேரத்தில் போன் வரும்போதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம் புரிகிறது.

நமக்கு முன்னால் வந்தவர்களுக்கு வாய்த்தது ஜி.டி. எக்ஸ்பிரஸ். 1929-ல் பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே தொடங்கிய வண்டி, பிறகு தில்லி - சென்னை வண்டியானது. இன்றும் சுமார் 35 மணி நேரம் எடுக்கிறது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வந்தது 1976-ல்தான்.

விமானம் இல்லாமல் இல்லை. அதிலும் ஒரு விசித்திரமான ஏற்பாடு இருந்தது. 1949 ஜனவரியில் இரவுத் தபால் விமான சேவை ஆரம்பமானது. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நான்கிலிருந்தும் இரவில் ஒவ்வொரு விமானம் கிளம்பும். நான்கும் நள்ளிரவுக்குப் பிறகு நாக்பூரில் கூடும். தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு, விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும். பயணிகளும் அங்கேயே இறங்கி விமானம் மாறுவார்கள். நாக்பூர் தில்லிக்கும் சென்னைக்கும் கிட்டத்தட்ட நடுவில் இருப்பது இதற்கு வசதியாகப் போயிற்று. அதே 1949-ல் உள்நாட்டுக் கடிதங்களைத் தனிக் கட்டணம் இல்லாமலே விமானத்தில் அனுப்பவும் ஆரம்பித்தார்கள். தில்லியில் சாயங்காலம் போட்ட கடிதம் மறுநாளே சென்னையில். 1970-களின் தொடக்கம் வரை இந்தச் சேவை ஓடியது.

கரோல் பாகில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் மத்திய அரசில் குமாஸ்தாவாக இருந்தவர். 1966-ல் வில்லிவாக்கத்திலிருந்து அம்மாவுக்கு சீரியஸ் என்று தந்தி வந்திருக்கிறது.

"விமான டிக்கெட் எல்லாம் நம்ம சம்பளத்துக்கு ஆகுமா தம்பி? அன்னிக்கு சாயங்காலமே அண்ணனுக்கு ஒரு லெட்டர் எழுதிப் போட்டுட்டு ஜி.டி.யில ஏறினேன். லெட்டர் எனக்கு முன்னாடி போயிடுச்சு. நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு."

காலணா செலவில்லாமல் காகிதம் பறந்தது, பிள்ளை ரயிலில் போனான் என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் அப்பா போனபோது விடிகாலை மூன்று மணிக்குத் தகவல் வந்தது. முதல் விமானம், இரண்டே முக்கால் மணி நேரம். டாக்ஸி, செக்-இன், சென்னைப் போக்குவரத்து நெரிசல் எல்லாம் சேர்த்து எட்டு மணி நேரத்தில் செங்கல்பட்டில் வீட்டு வாசலில் நின்றேன். எனக்காக எடுக்காமல் வைத்திருந்தார்கள். முகத்தைப் பார்த்தேன். கொள்ளி வைத்தேன்.

ஆனால் அதற்கு முந்தைய பதினான்கு மாதங்களில் நான் ஒருமுறைகூட ஊருக்குப் போகவில்லை. "இரண்டே முக்கால் மணி நேரம்தானே, எப்ப வேணாலும் போகலாம்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். பெரியவரோ இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து வருடம் தவறாமல் ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வருவாராம்.

கணக்குப் பார்ப்பதுதான் என் தொழில். இந்தக் கணக்கில் யாருக்கு நஷ்டம் என்று நீங்களே சொல்லுங்கள்.