தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஊக்கமருந்துச் சோதனைத் தகராறுகள்

பணத்துக்காக நடக்கும் குத்துச்சண்டையில் ஊக்கமருந்துச் சோதனையை யார் நடத்துவது, எந்த நாளில் தொடங்குவது, முடிவை யார் யாருக்குச் சொல்வது, முடிவு பாதகமாக வந்தால் சண்டையை நிறுத்தும் அதிகாரம் யாருடையது என்பவற்றை ஒட்டி எழுந்த பூசல்களை இத்தலைப்பு குறிக்கும். ஆய்வகத்தின் வேதியியலைப் பற்றிய வாதம் இவற்றில் குறைவு. ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பற்றிய வாதமே மிகுதி. ஓட்டப்பந்தயத்தில் மருந்து எடுத்தவர் பக்கத்துத் தடத்தில் ஓடுபவரின் பதக்கத்தைப் பறிக்கிறார். வளையத்தில் அந்தக் கூடுதல் பலம் எதிரே நிற்பவரின் தலையில் இறங்குகிறது. ஆகவே இந்த விளையாட்டில் சோதனையை வெறும் நேர்மைப் பிரச்சினையாகப் பார்க்க முடியாது; உயிர்ப் பிரச்சினையாகவே பார்க்க வேண்டும்.

இருவேறு ஏற்பாடுகள்

ஒலிம்பிக் வழியில் வரும் குத்துச்சண்டை வீரர் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் விதிகளுக்கு உட்பட்டவர். இந்தியாவில் அதைச் செயல்படுத்துவது 2005-இல் அமைந்த தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடா. 2022-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அதற்குச் சட்டப் பின்புலம் தந்தது. தொழில்முறை வளையத்தில் இப்படி எல்லோருக்கும் பொதுவான ஒரே தலைமை கிடையாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் ஆணையம், பிரிட்டனில் தனி வாரியம், பட்டம் வழங்க நான்கு பெரிய அமைப்புகள். கடுமையான சோதனை வேண்டுமென்றால் இரு தரப்பும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். இந்தத் தன்னார்வச் சோதனைக்காக மார்கரெட் குட்மன் என்ற மருத்துவர் 2011-இல் நெவாடாவில் தொடங்கிய அமைப்பே வாடா. உலக முகமையின் சுருக்கப் பெயரும் தமிழ் எழுத்தில் இதே வடிவில் வந்துவிடும் என்பதால், இக்கட்டுரையில் வாடா என்பது இந்தத் தன்னார்வ அமைப்பை மட்டுமே குறிக்கிறது. உலகக் குத்துச்சண்டை கவுன்சில் 2016 முதல் தன் தரவரிசை வீரர்களை இதன் சோதனைத் திட்டத்தில் சேர்த்துவருகிறது.

மாதிரி எடுக்கும் முறை

தகராறு எங்கே முளைக்கிறது என்று புரிய வேண்டுமானால் மாதிரி எடுப்பதை அருகிலிருந்து பார்க்க வேண்டும். சண்டை முடிந்து கைக்கட்டை வெட்டி எடுத்த கையோடு வீரரை ஓர் அதிகாரி பின்தொடர்கிறார். அந்த நிமிடத்திலிருந்து அவர் பார்வையிலிருந்து வீரர் விலகக் கூடாது. சிறுநீர் குறைந்தது 90 மில்லிலிட்டர் வேண்டும். எடை குறைப்பதற்காக இரண்டு நாள் தண்ணீரை அடக்கி, பிறகு சுற்றுக்குச் சுற்று வியர்த்துக் கொட்டியவருக்கு அது எளிதில் வராது. ஒன்றிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அவசரப்பட்டு நிறையத் தண்ணீர் குடித்தால் மாதிரி நீர்த்துப்போய், மறுபடியும் கொடுக்க வேண்டிவரும். குப்பியை வீரரே தேர்ந்தெடுத்து, வீரரே ஊற்றுகிறார்: ஏ குப்பியில் 60, பி குப்பியில் 30. மூடி ஒரு திசையில் மட்டுமே திருகும். உடைக்காமல் திறக்க இயலாது. ஏ மாதிரியில் தடைப்பொருள் தென்பட்டால், பி குப்பியைத் தம் முன்னிலையில் திறக்கும்படி கேட்க வீரருக்கு உரிமை உண்டு. குப்பி வரைக்கும் எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது. சிக்கல் தொடங்குவது குப்பி ஆய்வகத்துக்குப் போய் முடிவு வந்த பிறகுதான்.

மேவெதரும் பாக்கியாவும்

இத்தகைய பூசல்களில் பெயர்பெற்றது, நடக்காமலே போன ஒரு சண்டை. பிலாய்டு மேவெதரும் பிலிப்பைன்ஸின் மேனி பாக்கியாவும் 2010 மார்ச் 13-இல் லாஸ் வேகாசில் மோதுவதாக இருந்தது. முன்னறிவிப்பில்லாத ரத்த, சிறுநீர்ச் சோதனை வேண்டும் என்றது மேவெதர் தரப்பு. சண்டை நெருங்கும்போது ரத்தம் எடுத்தால் உடல் தளர்ந்துவிடும் என்றது பாக்கியா தரப்பு. நடுவராக வந்த ஓய்வுபெற்ற நீதிபதியிடம், சண்டைக்கு 14 நாள் முன்பு வரை ரத்தம் எடுக்கலாம் என்று மேவெதர் இறங்கிவந்தார். 24 நாளுக்குக் கீழே வரமாட்டேன் என்று பாக்கியா நின்றுவிட்டார். பத்து நாள் வித்தியாசத்தில் சண்டை கைநழுவியது. மருந்து எடுப்பதாகத் தம்மைக் குறிப்பாகப் பேசினார்கள் என்று பாக்கியா தொடுத்த அவதூறு வழக்கு 2012-இல் சமரசத்தில் முடிந்தது.

ஐந்தாண்டு கழித்து, 2015 மே 2-இல் இருவரும் மோதினார்கள். மேவெதர் வென்றார். முந்திய நாள் எடை பார்த்த பிறகு அவருக்கு நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றப்பட்டிருந்தது பின்னர் வெளிவந்தது. உள்ளே போன பொருளில் தடையில்லை. ஆனால் அந்த அளவில் நரம்பு வழி ஏற்றுவதற்கு அன்று தடை இருந்தது. அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை அதற்கான மருத்துவ விலக்கைச் சண்டை முடிந்த பிறகே வழங்கியது. சண்டை இரவில் பாக்கியாவின் தோள் வலிக்கான ஊசிக்கு நெவாடா ஆணையம் அனுமதி மறுத்திருந்தது. விதிப்படி இரண்டுக்கும் விளக்கம் சொல்லலாம். ஆனால் கடும் சோதனையைக் கேட்டவருக்குப் பின்தேதியில் விலக்கும், மற்றவருக்கு நேரடி மறுப்பும் கிடைத்ததைப் பாக்கியாவின் ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை. மறக்கச் சொல்வது நியாயமுமல்ல.

இரு பக்கமும் நின்ற அமீர் கான்

பிரிட்டனின் அமீர் கானை லாமான்ட் பீட்டர்சன் 2011 டிசம்பரில் வென்றார். மறுமோதல் 2012 மே 19-க்குக் குறிக்கப்பட்டது. அதற்கு முன் வாடா எடுத்த மாதிரியில் பீட்டர்சனிடம் செயற்கை டெஸ்டோஸ்டிரோன் தென்பட, சண்டை ரத்தானது. உடலில் அந்த ஹார்மோன் குறைவு, மருத்துவர்தான் உள்ளே வைத்தார் என்றார் பீட்டர்சன். ஓர் அமைப்பு பட்டத்தைப் பறித்தது. இன்னோர் அமைப்பு அவரிடமே விட்டுவைத்தது. ஒரே மாதிரிக்கு இரண்டு நீதி.

அன்று பாதிக்கப்பட்டவராக நின்ற கான், 2022 பிப்ரவரி 19-இல் மான்செஸ்டரில் கெல் புரூக்கிடம் தோற்ற இரவில் கொடுத்த மாதிரியில் ஆஸ்டரின் என்ற தடைப்பொருள் இருந்தது. வேண்டுமென்று எடுக்கவில்லை என்ற வாதத்தைத் தீர்ப்பாயம் ஏற்றும், 2023-இல் ஈராண்டுத் தடை அறிவிக்கப்பட்டது. அதற்குள் அவர் ஓய்வு பெற்றிருந்தார். இந்திய ரசிகர்களுக்கு இவர் அந்நியரல்ல: 2019 ஜூலையில் ஜெத்தாவில் இந்தியாவின் நீரஜ் கோயத்துடன் மோத இருந்தவர். கோயத் கார் விபத்தில் காயமடைந்ததால் அந்தச் சண்டை நடக்கவில்லை.

எதிராளிக்குச் சொல்லப்படாத முடிவு

2019 ஜூலை 20 அன்று லண்டனில் டிலியன் ஒயிட், ஆஸ்கர் ரிவாசை வென்றார். ஒயிட்டின் முந்திய மாதிரியில் சிக்கல் இருந்ததும், சண்டை நாளிலேயே விசாரணை நடந்து அவருக்கு அனுமதி கிடைத்ததும் ரிவாசுக்குச் சொல்லப்படவில்லை. பின்னர் டிசம்பரில் ஒயிட் மீதான குற்றச்சாட்டு திரும்பப் பெறப்பட்டது. அவர் தவறு செய்யவில்லை என்பதே முடிவு. இருந்தாலும் கேள்வி ஒயிட்டைப் பற்றியது அல்ல. ரகசியக் காப்பு விதி குற்றம்சாட்டப்பட்டவரின் பெயரைக் காக்கிறது, அது சரிதான். ஆனால் அவர் எதிரே நின்று அடி வாங்கப்போகிறவருக்கு, ஏறுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் வாய்ப்பே இல்லாமல் போகிறது. இக்கட்டுரையாளர் பார்வையில் இத்துறையின் மிகப் பெரிய ஓட்டை இதுதான்.

கானர் பென் வழக்கு இதே ஓட்டையை வேறு பக்கத்திலிருந்து காட்டியது. 2022 அக்டோபர் 8-இல் கிறிஸ் யூபேங்க் ஜூனியருடன் மோத இருந்த பென்னின் மாதிரியில் குளோமிபீன் என்ற தடைப்பொருள் இருந்ததாகச் சண்டைக்கு மூன்று நாள் முன்பு செய்தித்தாள் வெளியிட்டது. சண்டையை அனுமதிக்க முடியாது என்றது பிரிட்டிஷ் வாரியம். பிரிட்டனின் ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் சோதனை எதிலும் அவர் சிக்கவில்லையே, சிக்கியது வாடாவின் சோதனையில்தானே என்று ஏற்பாட்டாளர்கள் வாதாடிப் பார்த்து, கடைசியில் ரத்து செய்தார்கள். முட்டை அதிகம் சாப்பிட்டது காரணமாக இருக்கலாம் என்று உலகக் குத்துச்சண்டை கவுன்சில் ஏற்றது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று 2024 நவம்பரில் தீர்ப்பானது. சண்டை 2025 ஏப்ரல் 26-இல் நடந்து, யூபேங்க் வென்றார்.

பன்றியிறைச்சியைக் காரணம் காட்டிய டைசன் பியூரிக்கு முன்தேதியிட்ட ஈராண்டுத் தடை 2017 டிசம்பரில் வந்தது; மாதிரி எடுத்ததோ 2015 பிப்ரவரியில். இடையில் அவர் கிளிட்ஸ்கோவை வென்று உலகப் பட்டம் சூடிவிட்டார். மெக்சிகோ மாட்டிறைச்சியைக் காரணம் சொன்ன கனேலோ அல்வாரெசுக்கு 2018-இல் ஆறு மாதம். டெவின் ஹேனியை 2024 ஏப்ரலில் வென்ற ரையன் கார்சியா, சண்டை நாளிலும் முந்திய நாளிலும் கொடுத்த மாதிரிகளில் ஆஸ்டரின் இருந்ததால் வெற்றியை இழந்தார். ஓராண்டு இடைநீக்கமும் பெற்றார். ஹேனி மூன்று முறை வீழ்த்தப்பட்ட பிறகே முடிவு வந்தது.

இந்தியாவில்

பின்னாளில் தொழில்முறைக்கு மாறிய விஜேந்தர் சிங் 2013-இல் ஒலிம்பிக் வழி வீரர். பஞ்சாப் ஹெராயின் வழக்கில் போலீசார் ரத்தமும் முடியும் கேட்டபோது கொடுக்க மறுத்தார். போட்டியில்லாத காலத்தில் ஹெராயினைச் சோதிப்பது தன் விதியில் இல்லை என்று நாடா முதலில் தயங்கியது. விளையாட்டு அமைச்சகம் உத்தரவிட்டபின் சோதித்து, அவரிடம் எதுவும் இல்லை என்று அறிவித்தது.

2019-இல் குத்துச்சண்டை வீரர் சுமித் சங்வானின் மாதிரியில் அசிட்டசோலமைடு இருந்தது. கண் மருந்தால் வந்தது என்று சொல்லப்பட்டும் ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. சிறுநீரைப் பெருக்கும் மருந்து என்பதால், எடைப்பிரிவு விளையாட்டில் அதை லேசாக விடுவதில்லை. குத்துச்சண்டை வீராங்கனை பர்வீன் ஹூடா எந்த மருந்தும் எடுத்ததாகக் குற்றச்சாட்டே இல்லை. ஓராண்டுக்குள் மூன்று முறை இருப்பிடத் தகவல் தவறியதற்காக 2024 மே மாதம் இடைநீக்கம் பெற்றார். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அவர் ஈட்டிய பாரிஸ் ஒலிம்பிக் இடத்தை இந்தியா இழந்தது.

தமிழ்நாட்டில் அதிகம் பேசப்பட்டது ஓட்ட வீராங்கனை கோமதி மாரிமுத்துவின் வழக்கு. 2019 மார்ச்சில் பாட்டியாலாவில் கொடுத்த மாதிரியின் முடிவு கைக்கு வருமுன்பே ஏப்ரலில் தோகாவில் 800 மீட்டர் தங்கம் வென்றார். முடிவு உரிய நேரத்தில் வந்திருந்தால் அந்த ஓட்டமும் இல்லை, ஊரே கூடிக் கொண்டாடிய வரவேற்பும் இல்லை, பிறகு வந்த அவமானமும் இத்தனை பெரிதாக இருந்திராது. அவருக்கு நான்காண்டுத் தடை. அதே ஆண்டு ஆகஸ்டில் டெல்லி தேசிய ஆய்வகத்தின் அங்கீகாரத்தையே உலக முகமை நிறுத்திவைத்தது. 2021 டிசம்பரில்தான் அது மீண்டது.

தாம்பரமும் தென்புறநகரும்

சென்னைக் குத்துச்சண்டை என்றால் நினைவுக்கு வருவது வடசென்னை. ஆனால் உடற்கல்விப் படிப்பும் விடுதி வாழ்க்கையும் தெற்கே நகர்ந்துள்ளன: தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையை ஒட்டி மேலக்கோட்டையூரில் இருக்கிறது. இங்கே தங்கிப் பயிலும் ஒருவர் சோதனைப் பட்டியலில் சேர்ந்தால், ஒவ்வொரு நாளும் காலை 5 முதல் இரவு 11-க்குள் ஏதாவது 60 நிமிடம் தாம் எங்கிருப்போம் என்று முன்கூட்டியே பதிய வேண்டும். பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவு எண் உள்ள தெருவில், அறையை மாற்றிய வாரத்தில், மணியடித்தவர் ஆளைக் காணாமல் திரும்பினால் அது ஒரு தவறு. மூன்றானால் பர்வீனுக்கு நேர்ந்ததுதான்.

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் உள்ளது. மூட்டுவலிக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் சித்த மருத்துவத்தில் எட்டிக்கொட்டையைச் சுத்தி செய்து சேர்ப்பது பழைய வழக்கம். எட்டியின் சாரமான ஸ்டிரிக்னின், போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்ட ஊக்கிகளின் பட்டியலில் இருக்கிறது. 1904 ஒலிம்பிக் மாரத்தானில் தாமஸ் ஹிக்சுக்கு வழியில் கொடுக்கப்பட்டதும் இதுவே. தாமரை விதையின் உட்குருத்தில் உள்ள ஹைஜினமைனும் தடைப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளது. இவை மருந்தல்ல என்று யாரும் சொல்லவில்லை. வைத்தியரிடம் தாம் சோதனைக்கு உட்பட்டவர் என்பதை வீரர் முதலிலேயே சொல்லி, சேர்மானத்தை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மாற்று இல்லையென்றால் மருத்துவ விலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். மருந்தில் தடைப்பொருள் உண்டா என்று பார்க்க நாடா ஒரு கைபேசிச் செயலியையும் தந்திருக்கிறது. பொட்டலமாக மடித்துக் கொடுத்த சூரணத்துக்கும், ஜிம்மில் டப்பாவிலிருந்து கரண்டியால் அளந்து போட்ட மாவுக்கும் அந்தச் செயலியில் தேட ஒரு பெயர் இருப்பதில்லை.