பொறிவண்டும் அதன் வெள்ளைப் புழுவும்

முந்தலைத் தாண்டி போடிமெட்டுக்கு ஏறும்போது முதலில் மாவும் இலவமும் தென்படும். மேலே போகப் போக காபியும் மிளகும், மேட்டை நெருங்கியதும் ஏலமும் வரும். இந்தச் சரிவில் மருந்து அதிகம் படாத தோட்டம் எதிலும் இலையைத் திருப்பிப் பார்த்தால் பொறிவண்டு இருக்கும். நம் பிள்ளைகள் புள்ளி வண்டு என்று உள்ளங்கையில் ஏற்றி விளையாடுவது இதைத்தான்.

உலகில் ஏறக்குறைய 6,000 வகைப் பொறிவண்டுகள் உண்டு. எல்லாம் சிவப்பு அல்ல, எல்லாவற்றுக்கும் புள்ளியும் இல்லை. நம் பகுதியில் அதிகம் காண்பது ஆரஞ்சு நிறத்தில் கறுப்பு நெளிகோடுகள் கொண்ட வகை. பிடித்தால் கால் மூட்டுகளிலிருந்து மஞ்சள் நீர் கசியும். அது கசப்பானது. ஒருமுறை கொத்திய பறவை, அந்தப் பளிச்சென்ற நிறத்தைக் கண்டால் அடுத்த முறை ஒதுங்கிவிடும். பிள்ளைகள் கையைக் கழுவினால் போதும், பயப்பட வேண்டியதில்லை.

இலையின் அடியில் மஞ்சள் முட்டைகளைக் கொத்தாக நிறுத்தி வைக்கும். சில நாட்களில் புழு வெளிவரும். தாயின் சாயல் அதில் துளியும் இருக்காது: நீண்ட உடல், ஆறு கால், முதலையைச் சிறிதாக்கியது போன்ற தோற்றம். அசுவினியையும் மாவுப்பூச்சியையும் அதிகமாகத் தின்பது இந்தப் பருவத்தில்தான். நாம் அதை அடையாளம் தெரியாமல் கொல்வதும் இதே பருவத்தில்தான்.

நாமும் செய்திருக்கிறோம். வீட்டுக் கொய்யா மரத்தில் வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்ததைக் கண்டு, ஒரு நாள் அசருக்குப் பிறகு மருந்தடித்தோம். மறுநாள் பார்க்க வந்த தோட்டக்காரப் பெரியவர், கீழே செத்துக் கிடந்தவற்றில் பாதியைக் காட்டி, "ஹஜ்ரத், இது மாவுப்பூச்சி இல்ல, அதத் திங்கிறது" என்றார்.

அவர் காட்டியது ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழு. காபிச் செடியின் பச்சைச் செதில் பூச்சியை ஒழிக்க 1898-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வண்டு அது. அந்த வேலையில் தோற்றது. ஆனால் தென்னிந்தியாவில் மாவுப்பூச்சியைத் தின்று நிலைத்துவிட்டது. வளர்ந்த வண்டுக்குக் கறுத்த இறக்கை, ஆரஞ்சுத் தலை. புழுவோ இரையைப் போலவே வெள்ளை மெழுகு இழைகளைப் போர்த்தியிருக்கும். ஈர்க்குச்சியால் தொட்டுப் பாருங்கள்: மாவுப்பூச்சி ஒட்டிக்கிடக்கும் அல்லது மெல்ல நகரும், புழு விறுவிறுவென ஓடும். அளவிலும் பெரியது.

ஆய்வகங்களில் பரங்கிக்காய் மேல் மாவுப்பூச்சியை வளர்த்து, அதில் இந்த வண்டைப் பெருக்கித் தோட்டங்களுக்குக் கொடுக்கிறார்கள். பழ மரத்துக்குப் பத்து வண்டு என்பது வேளாண் துறையினர் சொல்லும் கணக்கு. விடும் முன் மரத்தில் ஏறும் எறும்பைத் தடுக்க வேண்டும். மாவுப்பூச்சி கசியும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நின்று, வண்டை விரட்டிவிடும்.

இன்னொரு வகை நீலகிரியில் பெயர் வாங்கியது. 1928-இல் அங்கே சீகை மரங்களில் பஞ்சு போன்ற செதில் பூச்சி பரவியபோது, கலிபோர்னியாவில் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களைக் காப்பாற்றியிருந்த சிவப்புப் பொறிவண்டை வரவழைத்துவிட்டார்கள். அதற்கும் பூர்வீகம் ஆஸ்திரேலியாதான். 1888-இல் அங்கிருந்து கலிபோர்னியாவுக்குப் போனது.

ஏலத்தின் நிலை வேறு. இலைப்பேன் சுரண்டிய காயில் சொறி விழும், விலை இறங்கும். அதனால் அடிக்கடி மருந்து தெளிக்கிறார்கள். கட்டே நோயைப் பரப்புவதும் ஓர் அசுவினி. பொறிவண்டு இவற்றை எல்லாம் நிறுத்திவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த மருந்து பேனை மட்டும் பார்த்துக் கொல்வதில்லை. வண்டும் சேர்ந்து போகிறது.

கத்தரி வைத்திருக்கும் தாய்மார்களுக்கு ஒரு எச்சரிக்கை. பொறிவண்டுக் குடும்பத்திலேயே இலை தின்னும் இனமும் உண்டு. பளபளப்பில்லாமல் மங்கிய செம்பழுப்பு நிறம், மெல்லிய ரோமம், பெரும்பாலும் 28 புள்ளி. புழு மஞ்சளாய் முள் முள்ளாக இருக்கும். இலையைச் சல்லடையாக அரித்துவிடும். அதைத் தயங்காமல் கையால் பொறுக்கி, சோப்புத் தண்ணீரில் போடலாம்.