பொங்கல் வாழ்த்தில் கருத்துப்போன பொன்

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப் போகிறார்கள். பரணை ஒழிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு தகரப் பெட்டியில் என் அக்கா கையால் செய்த பொங்கல் வாழ்த்துகள் இருந்தன. ஒவ்வொரு வகையிலும் மாதிரிக்கு ஒன்று என்று அவள் எடுத்து வைத்தவை, நாற்பதுக்குக் குறையாது. எதிலும் தேதி கிடையாது. ஆனாலும் எது முந்தியது, எது பிந்தியது என்று அரை மணி நேரத்தில் பிரித்து அடுக்கிவிட்டேன். எல்லாம் மினுக்கை வைத்துத்தான். சிலவற்றில் பொன்னெழுத்து கருத்துப் பச்சை பூத்திருக்கிறது. சிலவற்றில் வெள்ளை மினுக்கு நேற்றுத் தூவியது போல அப்படியே இருக்கிறது. கடைசியாகச் செய்தவை, தொட்டால் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டு இரண்டு நாளைக்குப் போகாத ரகம்.

பொங்கல் வாழ்த்து அனுப்பிய காலம் உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். மார்கழி பிறந்தாலே பெட்டிக்கடை, ஸ்டேஷனரிக் கடை வாசலில் கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள். கரும்பும் பானையும், ஏர் பூட்டிய உழவன், எம்.ஜி.ஆர்., சிவாஜி, அண்ணா. கவரை ஒட்டாமல் மடித்துச் செருகி ‘புக் போஸ்ட்’ என்று எழுதிவிட்டால் தபால் செலவு குறைவு. தீபாவளிக்கு இல்லாத அட்டை மோகம் பொங்கலுக்கு வந்ததற்குத் திராவிட இயக்கம் ஒரு காரணம். மதம் கடந்த தமிழர் திருநாள் என்று பொங்கலை முன்னிறுத்தியவர்கள் அவர்கள். சென்னை மாநிலம் ‘தமிழ்நாடு’ என்று பெயர் மாறியதும் ஒரு பொங்கல் நாளில்தான், 1969 ஜனவரி 14.

அட்டைகளில் பெரும்பகுதி சிவகாசிச் சரக்கு. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். பெட்டிக்கு லேபிள் வேண்டுமே என்று அச்சுத் தொழில் வந்தது, பிறகு காலண்டர், பிறகு வாழ்த்து. மலிவு, நல்ல வண்ணம். அதோடு போட்டி போட வீட்டில் உட்கார்ந்து செய்பவளால் முடியுமா? முடியாது. ஆனால் ‘கையால் செய்தது’ என்று தனியாக ஒரு கிராக்கி இருந்தது. பேராசிரியர்கள், டாக்டர்கள், ஆபீஸில் மேலதிகாரிக்குக் கொடுக்க நினைப்பவர்கள் எல்லாம் அதைத்தான் கேட்டார்கள். தாம்பரத்தில் அதற்கு ஆள் இருந்தது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் இங்கே வந்துவிட்டது. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு டிசம்பரில் கிறிஸ்துமஸ் கார்டு, நமக்கு ஜனவரியில் பொங்கல் வாழ்த்து. ஒரே கையால் இரண்டையும் செய்யலாம்.

அக்காவுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது அடுத்த தெருவில் இருந்த ஒரு டீச்சரம்மா. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு அக்கா வீட்டில் இருந்த காலம். மேலே படிக்க வைக்க அப்பாவுக்கு வசதி இல்லை, வேலைக்கு அனுப்ப மனசும் இல்லை. கார்டு செய்வது வீட்டுக்குள்ளேயே நடக்கும் காரியம் என்பதால் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் புடைப்பு. தடித்த அட்டையில் பானை, கரும்பு, சூரியன் என்று வெட்டி எடுத்து ஓட்டை போட்ட அச்சு தயார் செய்வாள். அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் ஐவரி போர்டைக் கவிழ்த்து வைத்தால், வெளி வெளிச்சத்தில் உருவம் நிழலாகத் தெரியும். ஓரத்தை ஸ்வெட்டர் பின்னும் ஊசியின் மழுங்கிய முனையால் மெல்ல மெல்ல அழுத்தித் தேய்க்க வேண்டும். அட்டையைத் திருப்பினால் பானை தடவிப் பார்க்கிற மாதிரி எழும்பி நிற்கும். அவசரப்பட்டால் கிழிந்துவிடும். கம்பெனி முத்திரை, நோட்டரி முத்திரை எல்லாமே இதே வித்தைதான். அங்கே மேலும் கீழுமாக இரண்டு இரும்பு அச்சு, இங்கே ஊசியும் பொறுமையும்.

கல்யாணப் பத்திரிகையில் எழுத்து எழும்பி நிற்குமே, அது வேறு. ஈரம் காயாத மையின்மேல் ரோசின் போன்ற பிசின் பொடியைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, சூடு காட்டுவார்கள். பொடி உருகி உப்பிக்கொள்ளும். அக்கா அதையும் மின்சார அடுப்பின் சுருளுக்கு மேலே பிடித்துப் பார்த்தாள். இரண்டு கார்டு கருகியதும் அம்மா அடுப்பைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

புடைத்த பிறகு மினுக்கு. ஆரம்பத்தில் அவள் வாங்கியது பெயின்ட் கடையில் விற்கும் ‘கோல்டு பவுடர்’. படச் சட்டத்துக்குப் பூசுவார்களே, அதேதான். பசையால் எழுதி, காய்வதற்குள் பொடியைத் தூவித் தட்டினால் தங்கத்தில் எழுதியது போல இருக்கும்.

1973-ல் பாரிமுனைப் பக்கம் ஒரு கடைக்காரர் முந்நூறு கார்டு கேட்டார். எங்களுக்கு அது பெரிய ஆர்டர். ஆண்டர்சன் தெருவில் போர்டு வாங்க நான்தான் அவளுக்குத் துணை, தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி பீச் ஸ்டேஷன் வரை. புரட்டாசியில் ஆரம்பித்து கார்த்திகையில் முடித்தாள். ராத்திரி கூடத்து விளக்கில் உட்கார்ந்து செய்தது. அடுக்கி, ட்ரங்குப் பெட்டியில் பூட்டி வைத்தோம். வெளியே அடைமழை. மார்கழியில் கொண்டுபோய்க் கொடுத்தபோது கடைக்காரர் மேல் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு எங்கள் பக்கமே தள்ளினார். பொன்னெழுத்தெல்லாம் கருத்து, ஓரத்தில் பச்சை. ஏதோ பழைய சரக்கை ஏமாற்றி விற்க வந்தவர்களைப் பார்ப்பது போல ஒரு பார்வை. முன்பணமாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டார். போர்டு, பொடி எல்லாம் போட்ட காசு போயிற்று. திரும்பி வரும்போது அக்கா எழும்பூரிலிருந்து தாம்பரம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

என்ன நடந்தது என்பது எனக்குப் பல வருஷம் கழித்து, ரிட்டயர் ஆன பிறகு படிக்க நேரம் கிடைத்தபோதுதான் புரிந்தது. அந்தத் தங்கப் பொடியில் தங்கம் துளியும் கிடையாது. செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளைத் தூள். ஈரமும் புளிப்பும் பட்டால் செம்புச் சொம்பு களிம்பேறுவது போல இதுவும் ஏறும். வார்னிஷில் குழைத்துப் பூசினால் காற்று படாமல் கொஞ்ச காலம் தாங்கும். அக்கா செய்தது போல வெறும் தூளைப் பசைமேல் தூவினால் அதற்கு ஒரு காப்பும் இல்லை. அந்தப் பசையோ மைதாப் பசை. பூச்சி அரிக்காமல் இருக்க பைண்டிங் கடைக்காரர்கள் செய்வது போல மயில்துத்தம் போட்டுக் காய்ச்சியது. துத்தக் கரைசல் அமிலத் தன்மை உள்ளது. சென்னையின் ஐப்பசி கார்த்திகை ஈரமும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா?

இந்தப் பொடிக்கே ஒரு கதை இருக்கிறது, அதிலும் ஒரு அக்கா வருகிறாள். இரும்பை எஃகாக்கும் முறையைக் கண்டுபிடித்த ஹென்றி பெஸ்ஸமரைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அவருடைய சகோதரி பூக்களை வரைந்து ஒரு தொகுப்பு வைத்திருந்தார். அதன் அட்டையில் பொன்னெழுத்து எழுதித் தரச் சொன்னார். பெஸ்ஸமர் கடையில் போய்ப் பொடி கேட்டால் அவுன்ஸ் 7 ஷில்லிங். தங்கமாக இருக்குமோ என்று அமிலம் விட்டுப் பார்த்தார். பித்தளை! ஜெர்மனியில் நியூரம்பெர்க் பக்கம் கையால் தட்டித் தட்டிச் செய்ததால்தான் அந்த விலை. 1840களில் இதற்கு இயந்திரம் அமைத்தார். பேட்டன்ட் எடுத்தால் ரகசியம் வெளியே போகும் என்று, பாகங்களை வெவ்வேறு பட்டறைகளில் செய்யச் சொல்லி, மனைவியின் சகோதரர்களை மட்டும் வேலைக்கு வைத்து, முப்பது வருஷத்துக்கு மேல் மூடி மறைத்து நடத்தினார். அதில் வந்த பணம்தான் 1856-ல் உலகுக்கு அறிவித்த எஃகு ஆராய்ச்சிக்கு முதல். அந்தச் சகோதரியின் அட்டை கருத்ததா என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

அதே 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் முதல் கிறிஸ்துமஸ் கார்டை அச்சிட்டார். ஒரு கார்டு ஒரு ஷில்லிங். சாதாரணத் தொழிலாளிக்கு அது கட்டாது. பிறகு விலை இறங்கி, பனி விழுந்தது போல மினுக்கக் கண்ணாடித் தூளையெல்லாம் ஒட்டினார்கள். பிள்ளைகள் கையில் கண்ணாடித் தூள்! நம் ஊர் தஞ்சாவூர் ஓவியக்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. சுண்ணாம்புத் தூளும் பசையும் குழைத்துப் புடைப்பாக அப்பி, மேலே தங்க ரேக்கு ஒட்டினார்கள். உண்மைத் தங்கம் கருக்காது. ராஜா செலவு செய்தால் எதுவும் நடக்கும்.

அக்கா ஒரு பொங்கலைச் சும்மா விட்டாள். அடுத்த ஆடியில் மறுபடி உட்கார்ந்தாள், இந்த முறை காக்காப்பொன். டீச்சரம்மா சொன்னாரா, தானாகவே கண்டுபிடித்தாளா, ஞாபகம் இல்லை. நாட்டு மருந்துக் கடையில் அப்பிரகம் என்று கேட்டு வாங்குவாள். சித்த வைத்தியத்தில் செந்தூரம் செய்வதற்கு வைத்திருப்பார்கள். அந்தத் தகடுகளைப் பிரித்துப் பிரித்து, துணியில் முடிந்து கசக்கினால் செதில் செதிலாக வரும். சல்லடையில் மூன்று தரமாகச் சலிப்பாள். பெரியது பானை விளிம்புக்கு, நடுத்தரம் எழுத்துக்கு, தூள் சூரியனைச் சுற்றி. பசையும் மாறியது, கருவேலம்பிசின் கோந்து.

மைக்கா நமக்குப் புதிதல்ல. பழைய சென்னை மாகாணத்தில் நெல்லூர் மாவட்டம் கூடூர்ப் பக்கம் அதன் சுரங்கங்கள் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி ஓவியர்கள் மைக்காத் தகட்டிலேயே படம் வரைந்து வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். சாதி, தொழில் வாரியாக ஆணும் பெண்ணுமாக நிற்கும் சின்னச் சின்னப் படங்கள். இன்றும் லண்டன் மியூசியங்களில் இருக்கின்றன. அது கல், உலோகம் இல்லை. மழைக்கும் மைதாவுக்கும் அசையாது. பொன் நிறம் வராது, வெள்ளியும் கொஞ்சம் தேனும் கலந்த மினுக்குத்தான். அக்காவின் காக்காப்பொன் கார்டுகள் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்துக் கடையிலேயே விற்றன. பாரிமுனைக்குப் பிறகு அவள் போகவே இல்லை. கல்யாணத்துக்கு முன்பு நான்கு பொங்கல் செய்திருப்பாள். நான் கல்லூரியில் சேர்ந்தபோது கட்டிய முதல் ஃபீஸில் அந்தக் காசும் இருந்தது.

மூன்றாவது ரகம், கையில் ஒட்டும் ஜிகினா, அவள் கல்யாணமாகிக் குரோம்பேட்டைக்குப் போன பிறகு பிள்ளைகளுக்காகச் செய்தது. பிளாஸ்டிக் தாளில் அலுமினியம் பூசித் துணுக்குத் துணுக்காக வெட்டியது. அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் ஹென்றி ரஷ்மன் என்பவர் 1934-ல் தொடங்கிய தொழில் இப்படி வளர்ந்து நம் ஊர் ஸ்டேஷனரிக் கடைக் குப்பிக்கு வந்து சேர்ந்தது. கருக்காது, மக்கவும் மக்காது. அதனால்தான் ஐரோப்பிய யூனியன் 2023 அக்டோபரிலிருந்து பிளாஸ்டிக் ஜிகினாத் தூள் விற்பதை நிறுத்தியது. இப்போது மறுபடியும் மைக்காவுக்கு மவுசு. ஆனால் ஜார்க்கண்டில் குழந்தைகள் மைக்கா பொறுக்குவதைப் படித்த பிறகு அதையும் நிம்மதியாகப் புகழ முடியவில்லை.

அந்த முந்நூறில் ஒன்றையும் அக்கா பத்திரமாக வைத்திருந்ததுதான் எனக்கு ஆச்சரியம். மற்றதையெல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டது நினைவிருக்கிறது. கருத்த ‘பொங்கல் வாழ்த்து’ என்ற எழுத்துக்குக் கீழே புடைத்த பானை மட்டும் இன்றும் தடவினால் விரலுக்குத் தெரிகிறது. ராத்திரி போன் செய்து சொன்னேன். எண்பதை நெருங்குகிறாள், காது கொஞ்சம் மந்தம். கத்திச் சொன்ன பிறகு புரிந்துகொண்டு, கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.

“அந்தப் பசையில துத்தம் போட்டிருக்கக் கூடாதுடா” என்றாள்.